கிறிஸ்தவச் சாயல் படிந்த இண்டி ராக்: கேட்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

எந்தத் தேவாலயத்திலும் பாடப்படாத, ஆனால் வேதாகமத்தோடு வளராத ஒருவரால் எழுதியிருக்கவே முடியாத ராக் பாடல்கள் சில இருக்கின்றன. அவற்றைப் பாடுபவர்களில் சிலர் இன்றும் விசுவாசிகள். சிலர் விசுவாசத்தை விட்டு விலகியவர்கள். வேறு சிலர் தாங்கள் எந்தப் பக்கம் என்று சொல்லாமலேயே பாடிக்கொண்டிருப்பவர்கள். இந்தப் பாடல்களைப் பல ஆண்டுகளாக நான் ஆழ்ந்த பற்றோடு கேட்டுவருகிறேன். எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் சொல்லும் வரிசையையே இங்கு எழுதுகிறேன். ஆங்கிலப் பாடல்களில் அதிகப் பழக்கம் இல்லாதவரும் இந்த வரிசையைப் பின்பற்றலாம். கிறிஸ்தவராக இருக்க வேண்டிய தேவையும் இல்லை.

பாடல்களுக்குள் நுழையும் முன் பின்னணியைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. 1960களின் இறுதியில் கலிஃபோர்னியாவில் நீண்ட முடி வளர்த்த இளைஞர்களிடையே பரவிய இயேசு இயக்கத்தின் நடுவே, லாரி நார்மன் என்பவர் 1969இல் ‘அப்பான் திஸ் ராக்’ என்ற ஆல்பத்தை வெளியிட்டார். கிறிஸ்தவ ராக் இசையின் முதல் ஆல்பம் என்று பலரும் குறிப்பிடுவது இதைத்தான். பின்னாளில் இந்த இசைக்கென்று தனிச் சந்தையே உருவாகி, கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில் ஒலிநாடாக்களும் குறுந்தகடுகளும் விற்பனையாயின. அந்தச் சந்தைக்குள் முழுதாக அடங்காமலும், வெளியே இருந்த பெரிய இசை நிறுவனங்களைச் சாராமலும், சிறு லேபிள்களின் வழியே பாடியவர்களே நம் கட்டுரைக்கு உரியவர்கள். ‘இண்டி’ என்ற சொல் இந்தச் சாராமையைத்தான் குறிக்கிறது. 1993இல் பிராண்டன் ஈபல் தொடங்கிய ‘டூத் அண்ட் நெயில்’ லேபிளும், 1984 முதல் 2012 வரை இல்லினாய் மாநிலத்தில் ஆண்டுதோறும் நடந்த ‘கார்னர்ஸ்டோன்’ இசை விழாவும் இவர்களுள் பலருக்கு மேடை கொடுத்தன. வரலாறு இப்போதைக்கு இவ்வளவு போதும்.

முதலில் செய்ய வேண்டியது, நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் ஓர் எதிர்பார்ப்பைத் தள்ளிவைப்பது. பாமாலையும் கீர்த்தனையும் கேட்டு வளர்ந்தவர்களும், இன்றைய ஆராதனைப் பாடல்களைக் கேட்பவர்களும், பாட்டு என்றால் சபையார் அனைவரும் சேர்ந்து ஒரே உறுதியோடு சொல்லும் வார்த்தை என்று நினைக்கப் பழகியிருக்கிறார்கள். இந்தப் பாடல்களில் பேசுபவர் எப்போதும் ஒரு தனி ஆள். அவர் ஒரு குறிப்பிட்ட ஊரில், ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட இழப்போடு நிற்கிறார். அவருடைய கேள்விக்குப் பாட்டின் முடிவில் பதில் கிடைக்கும் என்று காத்திருந்தால் ஏமாற்றமே மிஞ்சும். வேதாகமத்தில் துதியும் முறையீடுமான பாடல்கள் அடங்கிய சங்கீதப் புத்தகத்தைப் படித்தவர்களுக்கு இது விளங்கும். அதிலும் பல சங்கீதங்கள் ‘எதுவரைக்கும்’ என்று கேட்கின்றன.

அடுத்து, கேட்கும் முறை. ஒவ்வொரு பாடலையும் மூன்று முறை கேளுங்கள். முதல் முறை வரிகளைத் தேடாமல் குரலையும் கருவிகளையும் மட்டும் கவனியுங்கள். இரண்டாம் முறை வரிகளைக் கண்முன் வைத்துக்கொண்டு கேளுங்கள். புரியாத சொற்களுக்காகப் பாட்டை நிறுத்துவதில் தவறில்லை. மூன்றாம் முறை மறுபடியும் வரிகள் இல்லாமல் கேளுங்கள். இந்த மூன்றாம் முறையில்தான் பாட்டு நமக்குச் சொந்தமாகிறது என்பது என் அனுபவம். மெல்லிய ஒலிகள் நிறைந்த இசை இது என்பதால் கைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் பாதி காணாமல் போய்விடும். சாதாரண ஹெட்போன் ஒன்று இருந்தாலே போதும். பாட்டுச் செயலியில் ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்ததைத் தானே ஓட்டும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். கிறிஸ்தவப் பெயர்கள் கொண்ட ஒரு பாடலைக் கேட்டவுடன் அந்த வசதி நம்மை ஆராதனைப் பாடல்களின் வரிசைக்கு இழுத்துச் சென்றுவிடுகிறது. அப்போது, சற்றுமுன் கேட்ட பாட்டின் தனிக்குரல் மனத்தில் தங்குவதற்குள் கலைந்துவிடும்.

தொடங்க வேண்டிய முதல் பாடலாக நான் எப்போதும் சொல்வது சூஃப்யான் ஸ்டீவன்ஸ் பாடிய ‘காசிமிர் புலாஸ்கி டே’. மிச்சிகன் மாநிலத்தின் டெட்ராய்ட் நகரில் 1975இல் பிறந்த இவர், 2005இல் இல்லினாய் மாநிலத்தைப் பற்றியே ஒரு முழு ஆல்பம் வெளியிட்டார். அதில் உள்ளது இந்தப் பாடல். அமெரிக்க விடுதலைப் போரில் போரிட்ட போலந்து நாட்டு வீரர் புலாஸ்கியின் நினைவாக, மார்ச் மாதத்தின் முதல் திங்கட்கிழமை அந்த மாநிலத்தில் சிறப்பு நாளாகக் கொள்ளப்படுகிறது. பாட்டில் அந்த வீரரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பேசுபவன் ஒரு பதின்வயதுப் பையன். அவன் நேசிக்கும் பெண்ணுக்கு எலும்புப் புற்றுநோய் வந்திருக்கிறது. செவ்வாய் இரவு வேதபாடக் கூட்டத்தில் எல்லோரும் கைகளை உயர்த்தி அவளுக்காக ஜெபிக்கிறார்கள், எதுவும் நடக்கவில்லை. மார்ச் முதல் தேதி, அந்த விடுமுறை நாளின் காலையில் அவள் இறந்துவிடுகிறாள்.

இதைச் சொல்லும் இசை அழுது வடிவதில்லை. கிதாரும் பேன்ஜோவும் திண்ணையில் உட்கார்ந்து யாரோ வாசிப்பதுபோல ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கின்றன. குரல் கிட்டத்தட்டக் கிசுகிசுப்பு. வரிகள் முடியும் இடத்தைக் கவனித்துக் கேட்க வேண்டும். வேதாகமத்தின் யோபு புத்தகத்தில் பிள்ளைகளையெல்லாம் இழந்தவன் சொல்லும் வாக்கியத்தை நாம் அறிவோம்: ‘கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்.’ அந்த வாக்கியத்தின் மூன்று பகுதிகளில் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, எடுக்கிறார், எடுக்கிறார் என்று திரும்பத் திரும்பச் சொல்லி இந்தப் பாட்டு தன் வார்த்தைகளை முடித்துக்கொள்கிறது. கொடுத்தார் என்பதும் ஸ்தோத்திரம் என்பதும் சொல்லப்படுவதில்லை. அதன் பிறகு டிரம்பெட் எழும்பி, சொற்களே இல்லாத ஒரு மெட்டைக் குரல்கள் சேர்ந்து பாடுகின்றன. பையன் சொல்ல மறுத்த ஸ்தோத்திரம் அந்த டிரம்பெட்டில் இருக்கிறதா, இல்லையா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அது எனக்கு வேறுவிதமாகக் கேட்கிறது.

இந்த ஒரு பாட்டு பிடித்துவிட்டால், மூன்றாவது படியாக ஓர் ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை வரிசை மாற்றாமல் கேளுங்கள். அதற்கு ஏற்றது இவருடைய ‘செவன் ஸ்வான்ஸ்’. 2004இல் வெளிவந்தது, எளிமையான இசை. அதில் ‘டு பி அலோன் வித் யூ’ என்ற சிறிய பாடலைக் காதல் பாட்டு என்றே யாரும் எண்ணுவார்கள். உன்னோடு தனித்திருக்க ஏங்குகிறேன் என்று தொடங்கி, நீ எனக்காக எதையெல்லாம் விட்டாய் என்று சொல்லிக்கொண்டே போகும்போது, ஆடைகளைப் பறித்தார்கள், மரத்தின்மேல் ஏறினாய் என்ற சொற்கள் வருகின்றன. அந்தக் கணத்தில் கேட்பவருக்கு, பாட்டு யாரை நோக்கிப் பாடப்படுகிறது என்பது உறைக்கிறது. உறைத்த பிறகும் அது காதல் பாட்டாகவே தொடர்கிறது. நாயகி பாவத்தில் ஆழ்வார் பாடிய பாசுரங்களை அறிந்த தமிழ் வாசகருக்கு இந்த இரட்டைப் பொருள் அந்நியமாகப் படாது. அமெரிக்க ராக் இசையில் அதைக் கேட்பதுதான் எனக்கு முதலில் வியப்பாக இருந்தது.

இதே பாடகரின் ‘கேரி அண்ட் லோவல்’ ஆல்பத்தையும் விரைவில் யாராவது உங்களுக்குப் பரிந்துரைப்பார்கள். சிறு வயதிலேயே பிரிந்துபோன, 2012இல் இறந்த தம் தாய் கேரியை நினைத்து இவர் பாடி, 2015இல் வெளியிட்ட அந்த ஆல்பத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனாலும் வீட்டில் அண்மையில் ஒரு மரணம் நிகழ்ந்திருந்தால் அதைத் தள்ளிவையுங்கள். அதில் ‘ஃபோர்த் ஆஃப் ஜூலை’ என்ற பாடல் இறக்கும் தாயும் மகனும் பேசிக்கொள்வதுபோல் அமைந்து, நாம் எல்லோரும் சாகத்தான் போகிறோம் என்ற ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லி முடிகிறது. தாங்கும் நிலையில் கேட்டால் அது ஆறுதல்; தாங்காத நிலையில் கேட்டால் பாரம்.

நான்காவதாக, மெதுவான இசைக்குக் காதைப் பழக்க வேண்டும். மினசோட்டா மாநிலத்தின் டுலூத் நகரைச் சேர்ந்த ‘லோ’ குழு இதற்கு உதவும். ஆலன் ஸ்பார்ஹாக், மிமி பார்க்கர் என்ற கணவன் மனைவி இருவரும் அமெரிக்காவில் தோன்றிய மார்மன் சபையைச் சேர்ந்தவர்கள். பார்க்கர் நின்றுகொண்டே டிரம்ஸ் வாசிப்பார். முன்னால் ஒன்றிரண்டு முரசுகளும் ஒரு தாளத் தட்டும் மட்டும் இருக்கும், கையில் பெரும்பாலும் குச்சிக்குப் பதில் துடைப்பம் போன்ற பிரஷ். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையே அவர் விடும் இடைவெளியில் நமக்கு மூச்சு விடத் தோன்றும். அந்த இடைவெளியின் மேல் இருவர் குரலும் ஒன்றாக எழும்போது, சபை நடுவில் இல்லாமலேயே சபைப் பாட்டின் உணர்வு வருகிறது. 1999இல் வெளிவந்த ‘கிறிஸ்மஸ்’ என்ற சிறு தொகுப்பின் முதல் பாடல் ‘ஜஸ்ட் லைக் கிறிஸ்மஸ்’ இவர்களுடைய பாடல்களில் விதிவிலக்காகத் துள்ளலானது. ஸ்டாக்ஹோமிலிருந்து ஆஸ்லோ செல்லும் வழியில் பனி பெய்ததைப் பற்றியது. அங்கே தொடங்கி, 2001இல் வந்த ‘திங்ஸ் வீ லாஸ்ட் இன் த ஃபயர்’ ஆல்பத்துக்குப் போகலாம். 2022 நவம்பரில் பார்க்கர் புற்றுநோயால் காலமானார். இப்போது அந்த இரட்டைக் குரலைக் கேட்கும்போது என்னால் அதை மறக்க முடிவதில்லை.

ஐந்தாவது படி கொஞ்சம் கடினமானது. விசுவாசத்தை இழந்தவரின் பாட்டையும் அதே மரியாதையோடு கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும். டேவிட் பஸான் என்பவரின் தந்தை சபையில் இசை ஊழியம் செய்தவர். ‘பெட்ரோ த லயன்’ என்ற பெயரில் பஸான் 1998இல் வெளியிட்ட முதல் முழு ஆல்பத்தில் ‘சீக்ரெட் ஆஃப் தி ஈஸி யோக்’ என்ற பாடல் உண்டு. ‘என் நுகம் மெதுவாயும், என் சுமை இலகுவாயும் இருக்கிறது’ என்ற மத்தேயு சுவிசேஷ வசனத்தைத் தலைப்பில் வைத்துக்கொண்டு, சபையில் சுற்றியிருப்பவர்களின் பக்தியைப் பார்க்கும் ஒருவன், தான் இன்னும் ஆண்டவரைக் கண்டதில்லை என்றும், சில நாள்களில் அவரை நேசிப்பதுகூட இல்லை என்றும் ஒப்புக்கொள்கிறான். ஆனால் அதை அவன் சொல்வது ஆண்டவரிடமே. பதினோரு ஆண்டுகள் கழித்து, 2009இல் ‘கர்ஸ் யுவர் பிராஞ்சஸ்’ என்ற ஆல்பத்தைத் தம் சொந்தப் பெயரில் வெளியிட்டபோது பஸான் விசுவாசத்தை விட்டு வெளியே வந்திருந்தார். அந்த ஆல்பத்தின் முதல் பாடல் ஆதியாகமத்தின் ஏதேன் கதையோடு வாதாடுகிறது. விட்டு வந்த வீட்டின் ஒவ்வொரு அறையையும் நினைவில் வைத்திருப்பவரின் வாதம் அது. கேலி துளியும் கிடையாது.

புதியவர்கள் இவருடைய பாடல்களை 1998, 2009, 2019 என்ற வரிசையில் கேட்பது நல்லது. 2019இல் வந்த ‘ஃபீனிக்ஸ்’, பெட்ரோ த லயன் என்ற பெயரில் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் வெளியான ஆல்பம். தாம் பிறந்த ஃபீனிக்ஸ் என்ற பாலைவன நகரத்துக்குத் திரும்பி, கிறிஸ்மஸ் காலையில் கிடைத்த மஞ்சள் சைக்கிளை ஒரு பாட்டில் நினைவுகூர்கிறார். இடையில் உள்ள 2000, 2002 ஆல்பங்கள் கொலையும் துரோகமும் நிறைந்த கதைகள். அவற்றைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

பஸானை அடுத்து, டென்னஸியைச் சேர்ந்த ஜூலியன் பேக்கரின் ‘ரிஜாய்ஸ்’ பாடலைக் கேளுங்கள். 2015இல் வெளிவந்த ‘ஸ்ப்ரெய்ன்டு ஆங்கிள்’ ஆல்பத்தில் உள்ளது. ஒரே ஒரு மின்கிதார், ஒரே ஒரு குரல். களிகூர்ந்தாலும் முறையிட்டாலும் கடவுள் கேட்கிறார் என்று தான் நினைப்பதாகச் சொல்லும் இடம் வரை அமைதியாக இருந்த அந்தக் குரல், முடிவில் தொண்டை கிழியும் அளவுக்கு உயர்கிறது. பஸானும் பேக்கரும் ஒரே கேள்வியின் இரண்டு கரைகளில் நிற்கிறார்கள். இருவரையும் ஒரே மாலையில் கேட்டால் இது இன்னும் தெளிவாகத் தெரியும்.

இனி ஆறாவது படி. எனக்கு மிகவும் நெருக்கமான இடம் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஃபிலடெல்ஃபியா நகரைச் சேர்ந்த ‘மீவிதவுட்யூ’ என்ற குழு 2022 வரை இயங்கியது. அதன் பாடகர் ஆரன் வைஸும் கிதார் வாசித்த அவருடைய சகோதரர் மைக்கும் சூஃபி வழியை ஏற்ற குடும்பத்தில் வளர்ந்தவர்கள். அந்தச் சூஃபி வழி அந்நகருக்கு வந்து சேர்ந்தது தமிழின் வழியாக. யாழ்ப்பாணத்தில் ஆசிரமம் வைத்திருந்த குரு பாவா முஹையத்தீன் 1971இல் ஃபிலடெல்ஃபியாவுக்குச் சென்று, 1986இல் இறக்கும்வரை அங்கும் இலங்கையிலுமாக உபதேசித்தார். அவர் பேசியது தமிழில். அருகில் இருந்தவர்கள் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்கள். அவர் சொன்ன கதைகள் அங்கிருந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் கதைகளாயின.

2009இல் இந்தக் குழு வெளியிட்ட ஆல்பத்தின் பெயர், ‘எல்லாம் பைத்தியம், எல்லாம் பொய், எல்லாம் கனவு, ஆனாலும் சரிதான்’ என்று பொருள்படும் நீண்ட ஆங்கில வாக்கியம். அதில் பாவாவின் கதைகளிலிருந்து பிறந்த பாடல்கள் இருக்கின்றன. ஒன்றில் ஒரு தள்ளுவண்டிக்காரரின் பிஸ்கட் ஒரு காகத்தின் அலகில் சிக்குகிறது. நரி ஒன்று மரத்தடியில் வந்து படுத்து, உன் பாட்டில் எவ்வளவு ஞானம் என்று மெச்சுகிறது. காகம் வாயைத் திறக்கிறது. முதல் முறை கேட்டபோது வரிகள் பாதிதான் புரிந்தன. ஆனால் காகமும் நரியும் வந்தவுடனே பாட்டி வடை சுட்ட கதை என்று எனக்குள் யாரோ சொன்னதுபோல் இருந்தது. ஒரு தமிழ்க் குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது சொல்லப்படும் கதையை ஃபிலடெல்ஃபியாவின் ராக் குழு ஒன்று கிதாரோடு பாடுகிறது என்ற எண்ணம் என்னை வெகுநேரம் விடவில்லை.

இன்னொரு பாடல், ‘த கிங் பீட்டில் ஆன் அ கோகனட் எஸ்டேட்’. தென்னந்தோப்பில் வேலை செய்பவர்கள் உதிர்ந்த சருகுகளை ஏரியோரம் குவித்து எரிக்கிறார்கள். அந்த வெளிச்சம் என்ன என்று அறிந்துவர வண்டுகளின் அரசன் ஆள் அனுப்புகிறான். முதலில் சென்ற பண்டித வண்டும் அடுத்துச் சென்ற படைவீர வண்டும் திரும்பி வந்து, வெளிச்சம் எதைப்போல் இருந்தது என்று வர்ணிக்கத்தான் முடிகிறது. எதைப்போல் இருந்தது என்று கேட்கவில்லை, அது எது என்றல்லவா கேட்டேன் என்று சினந்த அரசன், மனைவி மக்களிடம் விடைபெற்றுக்கொண்டு தானே பறந்து தீக்குள் போகிறான். இறைவனைப் பற்றிப் பேசுவதற்கும் இறைவனில் கரைவதற்கும் உள்ள தொலைவை இவ்வளவு எளிய கதையில் சொல்லும் வேறொரு ராக் பாடலை நான் கேட்டதில்லை. அதே ஆல்பத்தின் கடைசிப் பாடல் ‘அல்லாஹ், அல்லாஹ், அல்லாஹ்’ என்பது. கிறிஸ்தவ லேபிள் என்று அறியப்பட்ட டூத் அண்ட் நெயிலில் வெளிவந்த ஆல்பம் இது. ஒரு நடைமுறைக் குறிப்பு: இக்குழுவின் தொடக்ககால ஆல்பங்களில் வைஸ் பாடுவதைவிட அலறுவதே அதிகம். புதியவர்கள் இந்த 2009 ஆல்பத்தில் தொடங்கி, பிறகு 2006இல் வந்த ‘பிரதர், சிஸ்டர்’ ஆல்பத்துக்குப் பின்னோக்கிச் செல்வதே எளிது.

கடைசிப் படிக்கு வேதாகமம் ஒன்று கையில் வேண்டும். தமிழ் வேதாகமமே போதும். ‘த மவுண்டன் கோட்ஸ்’ குழுவின் ஜான் டார்னியல் 2009இல் வெளியிட்ட ‘த லைஃப் ஆஃப் த வேர்ல்டு டு கம்’ ஆல்பத்தில் பன்னிரண்டு பாடல்கள். ஒவ்வொன்றின் தலைப்பும் ஒரு வேதபகுதி. தலைப்பைப் பார்த்து முதலில் வசனத்தைப் படியுங்கள், பிறகு பாட்டைக் கேளுங்கள், பிறகு வசனத்தை மறுபடியும் படியுங்கள். மத்தேயு 25:21ஐத் திறந்தால் ‘நல்லது, உத்தமமும் உண்மையுமுள்ள ஊழியக்காரனே’ என்று இருக்கும். பாட்டிலோ பென்சில்வேனியாவிலிருந்து விமானமேறி வந்த ஒருவன், புற்றுநோயால் இறந்துகொண்டிருக்கும் பெண்ணின் படுக்கையருகே நிற்கிறான். வலி குறைக்கும் மருந்து சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. அவளுடைய வாழ்வுக்கும் அதன் மதிப்புக்கும் தான் சாட்சி என்று சொல்கிறான். எஜமான் சொல்ல வேண்டிய ‘நல்லது’ என்ற வார்த்தையை, சொல்ல எந்த அதிகாரமும் இல்லாத ஒரு மனிதன் சொல்லிவிடுகிறான். வசனத்தை மறுபடி படிக்கும்போது அது முன்பிருந்ததுபோல் இருப்பதில்லை.

அதே ஆல்பத்தில் சங்கீதம் 40:2 என்ற பாடலும் உண்டு. ‘பயங்கரமான குழியிலும் உளையான சேற்றிலுமிருந்து என்னைத் தூக்கியெடுத்து’ என்று போகும் வசனம் அது. பாடுபவர்களோ போகிற வழியில் ஓர் இடத்தைச் சிதைத்துவிட்டு நெடுஞ்சாலை விடுதியில் குழந்தைகளைப்போல் தூங்குபவர்கள். இன்னும் சேற்றுக்குள் இருப்பவர்களின் வாயில் அந்தத் துதியை வைத்திருக்கிறார் டார்னியல். இதைக் கேட்டபின், அதே சங்கீதத்திலிருந்து அயர்லாந்தின் யூ2 ராக் குழு உருவாக்கி 1983இல் வெளியிட்ட ‘40’ என்ற பாடலையும் கேட்டாக வேண்டும். டப்ளின் நகர ஒலிப்பதிவுக் கூடத்தில் ‘வார்’ ஆல்பத்துக்கான நேரம் முடியும் தறுவாயில், அவசரமாகச் செய்யப்பட்ட பாடல் அது. பாஸ் கிதார் வாசிப்பவர் ஏற்கெனவே கிளம்பிவிட்டதால் கிதார் கலைஞர் எட்ஜ் என்பவரே பாஸையும் வாசித்தார்.

ஆல்பத்தில் உள்ளதைக் கேட்டுவிட்டு, அதே ஆண்டு வெளிவந்த ‘அண்டர் அ பிளட் ரெட் ஸ்கை’ என்ற நேரடி நிகழ்ச்சிப் பதிவின் கடைசிப் பாடலாக வருவதையும் கேளுங்கள். அந்தக் காலத்து நிகழ்ச்சிகளில் இந்தப் பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே குழுவினர் ஒருவர்பின் ஒருவராக மேடையை விட்டு இறங்குவார்கள். கடைசியாக டிரம்ஸ் வாசிப்பவரும் எழுந்து போய்விடுவார். இன்னும் எவ்வளவு காலம் இந்தப் பாட்டைப் பாடுவது என்ற வரியைப் பாடிக்கொண்டு கூட்டம் மட்டும் நின்றிருக்கும்.